ஓசிடிக்காக லாஸ்பேட்டைல பார்த்த கவுன்சிலிங் சென்டர், 5க்கு 4 ஸ்டார்

தம்பிகிட்ட கேட்டு அவன் சரின்னு சொன்ன பிறகுதான் இத எழுதுறேன். பேரு மட்டும் போடாதக்கா, மத்தபடி எல்லாத்தையும் எழுது, நம்ம மாதிரி நாலு வருஷம் யாரும் அலைய வேணாம்னான். நாங்க கடலூர் மஞ்சக்குப்பம், இந்த சென்டர் பாண்டி லாஸ்பேட்டைல இருக்கு, போன ஜூன்ல ஆரம்பிச்சு நவம்பர் கடைசி வரைக்கும் 16 சிட்டிங் போனோம், இப்ப மாசத்துக்கு ஒரு தடவ போயிட்டு வர்றோம். கொஞ்சம் நீளமா தான் இருக்கும், பொறுமையா படிங்க, ஏன்னா நல்ல இடம், போங்கன்னு ஒரே வரில முடிச்சா இதுல யாருக்கும் பிரயோஜனம் இல்ல.

மொதல்ல பிரச்சனை என்னன்னு சொல்லிடறேன். தம்பிக்கு இருக்குறது ஓசிடி, அதாவது வேண்டாத ஒரு நினைப்பு திரும்ப திரும்ப வந்து, ஒரே விஷயத்த திரும்ப திரும்ப செய்ய வைக்கிற மனநோய். தம்பிக்கு 26 வயசு, தட்டாஞ்சாவடி இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறான், டெய்லி பைக்ல தான் போய் வருவான். ஆல்பேட்டை, முள்ளோடை, கன்னியகோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம்னு அந்த ரோடு எல்லாருக்கும் தெரியும், எவ்ளோ டிராஃபிக் இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள்ள வீட்டுக்கு வந்துடலாம். இவன் ஆறு மணிக்கு கிளம்பி ஒன்பதரை பத்துக்கு வருவான். கேட்டா டிராஃபிக்னு சொல்லுவான். ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது, வழில ஒரு ஸ்பீட் பிரேக்கர்லயோ பள்ளத்துலயோ வண்டி தூக்கி போட்டா உடனே "யாரையாவது இடிச்சிட்டமோ"ன்னு ஒரு நினைப்பு வந்துடும், வண்டிய திருப்பிட்டு போய் அந்த எடத்த பாப்பான், யாரும் இருக்க மாட்டாங்க, சரின்னு கிளம்புவான், கொஞ்ச தூரம் வந்ததும் சரியா பாத்தமா, பக்கத்துல வாய்க்கால்ல விழுந்து கெடந்திருந்தான்னு திரும்ப ஒரு நினைப்பு, திரும்ப யூடர்ன். ஒரே எடத்துக்கு ஏழு எட்டு தடவ போன நாளெல்லாம் இருக்குன்னு அவனே பின்னாடி சொன்னான்.

வீட்டுக்கு வந்த பிறகும் முடியாது. வண்டி டயர டார்ச் அடிச்சு பாப்பான், ரத்தம் இருக்கான்னு. அப்புறம் எங்கிட்ட வருவான், "அக்கா நான் யாரையும் இடிக்கலல்ல?" நான் இல்லடான்னுவேன். அஞ்சு நிமிஷம். திரும்ப "கண்டிப்பா இல்லல்லக்கா, இடிச்சிருந்தா எனக்கு தெரிஞ்சிருக்கும்ல?" ராத்திரி ஒரு மணி வரைக்கும் போகும், ஒரு நாள் நான் எண்ணி பாத்தேன், 43 தடவ. காலைல நான் தான் மொதல்ல எழுந்து தந்தி பேப்பர்ல கடலூர் விபத்து செய்தி பூரா பாத்து, அந்த ரோட்ல ஒண்ணும் இல்லடான்னு சொல்லணும், அப்பதான் குளிக்கவே போவான். தம்பி நிம்மதியா இருக்கட்டும்னு தான் செஞ்சேன், எந்த அக்காவா இருந்தாலும் செய்வாங்க. ஒரு தடவ யாருக்கும் சொல்லாம போலீஸ் ஸ்டேஷனுக்கே போயி நான் ஒருத்தர இடிச்சிட்டேன்னு நெனக்கிறேன் சார்னு நின்னிருக்கான், அப்படி எந்த கேஸும் வரலப்பா வீட்டுக்கு போன்னு அனுப்பி வெச்சிருக்காங்க. அந்த ஒரு ராத்திரி நல்லா தூங்குனான், மறுநாள் "அவர் ரெஜிஸ்டர ஒழுங்கா பாத்துதான் சொன்னாரா"ன்னு ஆரம்பிச்சிட்டான்.

நாங்க சும்மா இருக்கல. அம்மா மேல்மலையனூர் அமாவாசைக்கு மூணு மாசம் கூட்டிட்டு போனாங்க, அப்பா திருவந்திபுரம் வேண்டிக்கிட்டாரு, அதெல்லாம் எங்களுக்கு தெம்பு குடுத்துச்சு, ஆனா அந்த நினைப்பு நிக்கல. கடலூர்லயே ஒருத்தர்கிட்ட கவுன்சிலிங்னு போனோம், பாசிட்டிவா யோசிங்க, மனச வேற பக்கம் திருப்புங்க, கைல ரப்பர் பேண்ட் போட்டுக்கிட்டு அந்த நினைப்பு வந்தா சுண்டி விட்டுக்கோங்கன்னு சொன்னாரு. தம்பி மணிக்கட்டு செவந்து போச்சு, நினைப்பு இன்னும் அதிகமாச்சு. கவுன்சிலிங்னாலே இவ்ளோதான், ஆறுதல் சொல்லுவாங்கன்னு எனக்கு ஒரு முடிவு வந்துடுச்சு. அதனால இந்த சென்டருக்கு போகும்போது எனக்கு பெரிய நம்பிக்கை எல்லாம் இல்ல, அவன் ஆஃபீஸ் ஃப்ரெண்ட் ஒருத்தர் சொன்னதால போனோம்.

மொத நாள் மேடம் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கிட்டாங்க. அவங்க எம்.ஃபில் முடிச்ச கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஆர்சிஐ, அதாவது மத்திய அரசோட ரிஹாபிலிடேஷன் கவுன்சில், அவங்க குடுக்குற ரிஜிஸ்ட்ரேஷன் சர்டிபிகேட் உள்ள செவுத்துல மாட்டி இருக்கு. இத ஏன் சொல்றேன்னா கவுன்சிலர்னு போர்டு நிறைய பேர் மாட்டிக்கறாங்க, நீங்க எங்க போனாலும் இந்த ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் இருக்கான்னு கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல. யேல்-பிரவுன்னு ஒரு ஸ்கேல் இருக்கு, 10 கேள்வி, மொத்தம் 40 மார்க், ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் அந்த நினைப்பு ஓடுது, எவ்ளோ நேரம் செக் பண்றதுல போகுது, அத தடுக்க முடியுதா, வேலைய எவ்ளோ கெடுக்குதுன்னு ஒவ்வொண்ணா கேட்டாங்க. தம்பிக்கு 27 வந்துச்சு, 24ல இருந்து 31 வரைக்கும் கடுமையான லெவல்னு சொன்னாங்க. எனக்கு கை கால் நடுங்கிடுச்சு, ஆனா தம்பி மூஞ்சில ஒரு மாதிரி நிம்மதி தெரிஞ்சுது. வெளில வந்து சொன்னான், "எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சேன்க்கா, இதுக்கு மார்க் போடுற அளவுக்கு ஊர்ல நிறைய பேருக்கு இருக்கு போல." மேடம் சொன்ன கணக்கு இது, பெங்களூர்ல இருக்குற நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி 2015-16ல எடுத்த தேசிய மனநல சர்வேல, தமிழ்நாடும் சேர்த்து 12 மாநிலத்துல பெரியவங்ககிட்ட கேட்டதுல, 0.8 சதவீதம் பேருக்கு ஓசிடி. நூறு பேர்ல கிட்டத்தட்ட ஒருத்தர். நம்ம தெருவுலயே இருப்பாங்க, வெளில சொல்ல மாட்டாங்க.

ஓசிடின்னா கை கழுவிக்கிட்டே இருக்குறது, சாமான நேரா அடுக்கி வைக்கிறதுன்னு தான் நானும் நெனச்சிருந்தேன். எண்ணச் சுழற்சி நோய்னு தமிழ்ல சொல்றாங்க, அந்த பேரு எனக்கு சரியா பட்டுச்சு, ஏன்னா அதுல இருக்குறது ஒரு சுழல் தான். வேண்டாத ஒரு நினைப்பு வரும், பயம் ஏறும், அந்த பயத்த அடக்க எதையாவது செய்வோம், கழுவுவோம், பூட்ட இழுத்து பாப்போம், யார்கிட்டயாவது கேப்போம், கொஞ்ச நேரம் அடங்கும், அப்படி அடங்குறதே அடுத்த தடவ அதையே செய்ய வைக்கும். சில பேருக்கு வெளில தெரியுற மாதிரி எதுவும் இருக்காது, மனசுக்குள்ளயே எண்ணுறது, ஜெபிக்கிறது, நடந்தத ரீவைண்ட் பண்ணி பாக்குறதுன்னு ஓடும். சாமி கும்பிடும்போது அசிங்கமான நினைப்பு வர்றது, பெத்த புள்ளைய தூக்கும்போது கீழ போட்டுடுவமோன்னு வர்றது, இதுவும் ஓசிடில வரும்னாங்க. கேட்டு எனக்கு அழுகையே வந்துடுச்சு, எத்தன பொம்பளைங்க இத யார்கிட்டயும் சொல்ல முடியாம, நான் ராட்சசியான்னு உள்ளயே வெந்துக்கிட்டு இருப்பாங்க. அந்த மாதிரி நினைப்பு வர்றதால அவங்க அத செஞ்சிட போறாங்கன்னு அர்த்தம் இல்ல, அவங்களுக்கு எது ரொம்ப முக்கியமோ அதுல போய்தான் இது பிடிக்கும்னு மேடம் புரிய வெச்சாங்க. என் தம்பி ரோட்ல ஒரு நாய்க்குட்டி அடிபட்டு கெடந்தாகூட வண்டிய நிறுத்துற ஆளு, அதனால தான் அவனுக்கு இந்த பயம்.

1978லயே ராக்மன், டி சில்வான்னு ரெண்டு பேர் எந்த நோயும் இல்லாத சாதாரண ஜனங்ககிட்ட கேட்டு பாத்தாங்களாம், பெரும்பாலானவங்களுக்கு இதே மாதிரி கோணல் நினைப்பெல்லாம் வரத்தான் செய்யுது, ஆனா அவங்க அத தட்டி விட்டுட்டு போயிடறாங்க. ஓசிடி இருக்குறவங்களால தட்டி விட முடியல, அதுக்கு ஒரு அர்த்தம் குடுத்து சண்ட போடுறாங்க. சண்ட போட போட அது பெருசாகும். நம்ம ஊர்ல சொல்லுவாங்களே, குரங்க நெனச்சிக்கிட்டு மருந்து குடிக்காதன்னு, அதத்தான் மேடம் சொன்னாங்க, அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தைல எல்லாம் புரிஞ்சு போச்சு. ரப்பர் பேண்ட் ஏன் வேலை செய்யலன்னு எனக்கும் அப்பதான் புரிஞ்சுது. இன்னொண்ணும் சொன்னாங்க, பாண்டிக்காரங்களுக்கு இது பிடிக்கும், 19ஆம் நூற்றாண்டுல பிரெஞ்சு டாக்டருங்க இந்த நோய்க்கு ஃபோலி து தூத்னு பேர் வெச்சிருந்தாங்களாம், சந்தேகப் பைத்தியம்னு அர்த்தம். தம்பி அத கேட்டுட்டு, பைத்தியம்ங்கிற வார்த்தைய மட்டும் எடுத்துடலாம் மேடம், சந்தேகம்ங்கிறது நூத்துக்கு நூறு கரெக்ட்னான்.

ரெண்டாவது சிட்டிங்ல என்ன உள்ள கூப்ட்டாங்க. நான் செஞ்சதெல்லாம் சொன்னேன், 43 தடவ பதில் சொன்னது, பேப்பர் பாக்குறது, ரெண்டு தடவ அவன் கூட ராத்திரில கிருமாம்பாக்கம் வரைக்கும் போய் ரோட்ட பாத்துட்டு வந்தது. கொஞ்சம் பெருமையா கூட சொன்னேன்னு நெனக்கிறேன். அவங்க திட்டல, ரொம்ப மெதுவா சொன்னாங்க, "நீங்க சொல்ற ஒவ்வொரு பதிலும் அவருக்கு அந்த டயர டார்ச் அடிச்சு பாக்குறது மாதிரி தான், செக் பண்ற வேலைய அவருக்கு பதிலா நீங்க செய்யறீங்க." நாலு வருஷமா நான் தான் அதுக்கு சோறு போட்டு வளத்திருக்கேன்னு அப்ப உறைச்சுது. அழுதேன். அதுக்கும் ஒரு பத்து நிமிஷம் குடுத்தாங்க, இது எல்லா வீட்லயும் நடக்குறது, பாசத்துல தான் நடக்குதுன்னு சொன்னாங்க.

அதுக்கப்புறம் தம்பிய வெச்சிக்கிட்டே ஒரு ஒப்பந்தம் போட்டோம், இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா பட்டது, அவனுக்கு தெரியாம திடீர்னு பதில நிறுத்துனா அது கொடுமை, அவனே ஒத்துக்கிட்டு செய்யணும். அவன் கேட்டா நான் சொல்ல வேண்டிய வார்த்தைய அவனே எழுதுனான், "இது ஓசிடி கேக்குற கேள்வி, நான் பதில் சொல்ல மாட்டேன், ஆனா உன் கூட உக்காந்திருப்பேன்." அத ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சோம்.

மொத நாள் ராத்திரிய மறக்கவே முடியாது. ஒன்பதே முக்காலுக்கு வந்தான், கேட்டான், நான் ஒப்பந்தத்துல இருந்தத சொன்னேன். திரும்ப கேட்டான். திரும்ப அதையே சொன்னேன். "ஒரே ஒரு தடவக்கா, இன்னைக்கு மட்டும், நாளைலேர்ந்து சரியா செய்யலாம்"னு கெஞ்சுனான், அப்புறம் கத்துனான், உனக்கு என் மேல பாசமே இல்லன்னான், அப்புறம் தரைல உக்காந்து அழுதான். நான் பக்கத்துல உக்காந்து அவன் முதுக தடவிக்கிட்டே சுவத்து கடிகாரத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். அம்பது நிமிஷம் தாண்டிடுச்சு, கொஞ்சம் அடங்குற மாதிரி இருந்துச்சு, அப்ப சமையல் ரூம்ல இருந்து அம்மாவுக்கு தாங்க முடியாம "நீ யாரையும் இடிக்கலப்பா, என் ராசா"ன்னு குரல் குடுத்துட்டாங்க. அவன் சட்டுனு நிமிர்ந்து "எப்படிம்மா சொல்ற, நீ பாத்தியா?"ன்னு கேட்டான். அவ்ளோதான், மொதல்ல இருந்து ஆரம்பம். அன்னைக்கு படுக்க ரெண்டு மணி. அடுத்த சிட்டிங்குக்கு அம்மாவையும் கூட்டிட்டு போனோம், மேடம் அம்மாகிட்ட அரை மணி நேரம் தனியா பேசுனாங்க. மூணாவது வாரம் அவன் கேக்குறது ராத்திரிக்கு ஏழு எட்டு தடவயா குறைஞ்சுது, ஆடி மாசம் முடியறதுக்குள்ள ரெண்டு மூணு.

ரோட்டுக்கான பயிற்சி தனி. ஈஆர்பின்னு சொல்றாங்க, பயப்படுற விஷயத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி போய் நிக்கிறது, நின்னுட்டு வழக்கமா செய்யற செக்கிங்க செய்யாம இருக்குறது. 1966ல லண்டன்ல விக்டர் மேயர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் ஆரம்பிச்சு வெச்சதாம், இன்னைக்கு வரைக்கும் ஓசிடிக்கு மொதல்ல சொல்ற கவுன்சிலிங் முறை இதுதான். தம்பியே உக்காந்து ஒவ்வொரு பயத்துக்கும் நூறுக்கு எவ்ளோன்னு மார்க் போட்டான். காலி ரோட்ல கண்ணாடிய திரும்பி பாக்காம ஓட்டுறது 30, ஸ்பீட் பிரேக்கர் தாண்டிட்டு நிக்காம போறது 50, ஸ்கூல் விடுற நேரத்துல கிருமாம்பாக்கம் தாண்டுறது 70, ராத்திரி மழைல வர்றது 90, மறுநாள் பேப்பர பாக்காம இருக்குறது 95. கீழ இருந்து ஆரம்பிச்சாங்க, சென்டர் பின்னாடி இருக்குற தெருவுல மேடமே ஸ்கூட்டில பின்னாடி வந்தாங்க, அந்த மாதிரி ரூம விட்டு எழுந்து வர்ற கவுன்சிலர நான் எதிர்பாக்கவே இல்ல. ஒரு சீட்டுல "நான் யாரையாவது இடிச்சிருக்கலாம், இடிக்காமலும் இருந்திருக்கலாம், எனக்கு நூறு சதவீதம் தெரியாது"ன்னு எழுதி பாக்கெட்ல வெச்சிக்கிட்டு வண்டி ஓட்டணும். நீ யாரையும் இடிக்கலன்னு ஒரு தடவகூட அவங்க சொல்லல, சந்தேகத்த வெச்சிக்கிட்டே வீட்டுக்கு வர பழகுங்கன்னாங்க. பயம் ஏறும், உச்சிக்கு போகும், அதுவா இறங்கும், சில நாள் இறங்காது, இறங்கலனாலும் அத சுமந்துக்கிட்டு சாப்ட முடியும் வேலை பாக்க முடியும்னு அவனுக்கே தெரிய வந்துச்சு. நடுவுல செப்டம்பர்ல ஒரு பத்து நாள் எல்லாம் பழையபடி ஆயிடுச்சு, ஆஃபீஸ்ல ஆடிட் டென்ஷன், தூக்கம் இல்ல. பயந்துட்டோம், வழுக்கி விழறதும் இதுல ஒரு பகுதின்னு முன்னாடியே சொல்லி வெச்சிருந்ததால விட்டுட்டு ஓடல.

மாத்திர பத்தி கேப்பீங்க. இந்த சென்டர்ல மாத்திர எழுத மாட்டாங்க, சைக்காலஜிஸ்ட் எழுத கூடாது, தம்பிக்கு கடுமையா இருந்ததால மேடமே ஒரு சைக்யாட்ரிஸ்ட பாக்க சொன்னாங்க. செர்ட்ரலின் ஆரம்பிச்சாங்க. ஓசிடிக்கு மன அழுத்தத்துக்கு குடுக்குறத விட டோஸ் கூடுதலா தேவைப்படலாம், வேலை செய்யறது தெரிய 8ல இருந்து 12 வாரம் ஆகலாம்னு டாக்டர் தெளிவா சொன்னாரு, ரெண்டு வாரத்துல ஒண்ணும் ஆகலயேன்னு நாங்க நிறுத்தாம இருந்ததுக்கு அதுதான் காரணம். அடிமையாயிடுவாங்கன்னு சொந்தக்காரங்க சொல்லுவாங்க, அந்த பேச்ச காதுல வாங்காதீங்க, நீங்களா நிறுத்தவும் செய்யாதீங்க, டாக்டர கேட்டு கொஞ்சம் கொஞ்சமா தான் குறைக்கணும்.

நவம்பர்ல அந்த 90 மார்க் பயிற்சி வந்துச்சு. நல்ல மழை, ஒன்பது மணிக்கு ஆஃபீஸ்ல இருந்து கிளம்புறேன்னு மெசேஜ், நான் வாசல்லயே நின்னேன். பத்து மணிக்கு நனைஞ்சுக்கிட்டு வந்தான், முருங்கப்பாக்கம்கிட்ட ஒரு பள்ளத்துல வண்டி நல்லா தூக்கி போட்டுச்சாம், முகம் வெளுத்து போயிருந்துச்சு, ஆனா திரும்பி போகல. என்ன பாத்து வாய தொறந்தான், அப்புறம் மூடிட்டு "தோச இருக்காக்கா"ன்னான். மறுநாள் காலைல பேப்பர் வாசல்லயே கெடந்துச்சு, நானும் எடுக்கல. கடைசி சிட்டிங்ல திரும்ப அந்த ஸ்கேல் போட்டாங்க, 27 இருந்தது 12.

இப்ப ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா. மாடில இருக்கு, லிஃப்ட் இல்ல, முட்டி வலியோட அம்மா ஏறி இறங்க ரொம்ப கஷ்டப்பட்டாங்க. வெயிட்டிங் ஹால்ல டிவில நியூஸ் சேனல் சத்தமா ஓடுது, விபத்து, கொலன்னு, பதட்டத்தோட வர்றவங்க உக்கார்ற எடத்துல அது வேண்டவே வேண்டாம், சொன்னதும் அன்னைக்கு மட்டும் நிறுத்துனாங்க, அடுத்த வாரம் திரும்ப ஓடுது. ரிசப்ஷன்ல முழு பேரையும் சத்தமா கூப்புடுறாங்க, டோக்கன் நம்பர் வெச்சா நல்லா இருக்கும். வாட்ஸ்அப்ல அப்பாயின்ட்மென்ட் கேட்டா ஒரு நாள் கழிச்சு தான் பதில் வருது. வீட்டுப்பாட ஷீட் எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு, அம்மாவுக்கு புரியலன்னு சொன்னதும் மேடம் கைப்பட தமிழ்ல எழுதி குடுத்தாங்க, அத பிரிண்ட் போட்டு எல்லாருக்கும் குடுக்கலாம்.

ஃபீஸ் மொத நாள் 1500, அப்புறம் 50 நிமிஷத்துக்கு 1000. சாதாரண குடும்பத்துக்கு இது சின்ன காசு இல்ல, எங்களுக்கும் ஒரு சீட்டு எடுக்க வேண்டி வந்துச்சு. கஷ்டம்னு சொன்னவங்களுக்கு குறைச்சு வாங்குறத பாத்திருக்கேன், கேக்க தயங்காதீங்க. முடியாதவங்க கோரிமேட்டுல ஜிப்மர் சைக்யாட்ரி டிபார்ட்மென்டுக்கு போகலாம், அரசு ஆஸ்பத்திரி. எங்கயும் போக தைரியம் வரலன்னா மொதல்ல 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்சது, காசு இல்ல, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

கடலூர்ல இருந்து வர்றவங்க சனிக்கிழம காலைல 10 மணி ஸ்லாட் கேட்டு வாங்குங்க, சாயங்கால ஸ்லாட் எப்பவும் அரை மணி தள்ளி தான் போகும், ஞாயித்துக்கிழம லீவு. வீட்ல யார்கிட்ட அந்த கேள்விய அதிகமா கேக்குறாங்களோ அவங்களும் கூட வாங்க, மேடம் ரெண்டாவது சிட்டிங்லயே அவங்களதான் உள்ள கூப்புடுவாங்க.